இரண்டு மூலைக்கு ஒரே சுவர்

சேதி வந்தது விடியற்காலை நாலே முக்காலுக்கு. அந்த நேரத்தில் கோவர்த்தனன் சித்தூரில் தன் வீட்டுச் சமையலறையில், கையில் டார்ச் விளக்கோடு, ஒரு சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். கொத்தனார் மோகன்ராஜ் பழைய சுண்ணாம்புக் காரையைச் சுரண்டித் தள்ளி, உள்ளேயிருந்த செங்கல்லை ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தான். அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு முதுகு மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் புடைப்பும் சுவரும் சேருகிற மூலையில் கற்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது அவர் மனைவி தாட்சாயணிக்கு. திருப்பதியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் கேட்டனுப்பியிருந்தது அது ஒன்றைத்தான்.

செல்போன் அடித்தது. தாட்சாயணிக்குத் துணையாகப் படுத்திருந்த அவள் தங்கை பிரமிளாவின் எண்.

"பாத்தியா மோகன்ராஜ், விடியற வரைக்கும் பொறுக்க முடியல. தங்கச்சிய எழுப்பிக் கேக்கறா" என்று சிரித்துக்கொண்டே எடுத்தார். எடுத்தவர் அந்தப் பக்கம் பேச இடம் கொடுக்காமல், "தாட்சா, நீ சொன்னதுதான். வெரலு கோத்த மாதிரி கீது" என்றார்.

"மாமா" என்றாள் பிரமிளா. "மாமா, அக்கா பூட்டா மாமா."

மோகன்ராஜ் உளியைத் தரையில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான்.

அந்த நேரத்தில் எதற்கு ஒரு மனிதன் மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான் என்று கேட்டால், அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. தாட்சாயணியைப் பற்றிச் சொல்வதற்கும் அதுதான் வழி.

சித்தூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எட்டு வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி நிற்கின்றன. எட்டுக்கும் ஒரே கூரைக் கோடு, ஒரே முகப்பு நெற்றி. நடுவில் சுதையில் செய்த பூமாலைக்குள் 1894 என்று இருக்கிறது. ரயில்வே வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்காக யாரோ ஒரு காண்ட்ராக்டர் கட்டியது என்று பேச்சு. பின்னால் அது பலர் கைக்கு மாறி, வீடு வீடாக விற்றுப்போனது. நாலாம் வீட்டைக் கோவர்த்தனனின் நைனா வாங்கினார். கோவர்த்தனன் பிறந்தது, வளர்ந்தது, தினமும் திருப்பதிக்குப் பஸ் ஏறிக் கல்லூரி ஆபீசில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியது எல்லாம் அங்கேதான். ஆனாலும் அந்த வீட்டை அவர் பார்த்ததில்லை. தினம் புழங்குகிற பொருளை யார் பார்க்கிறார்கள்? தாட்சாயணி வந்து பார்த்தாள்.

அவள் புத்தூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயியின் பெண். திருப்பதியில் கெமிஸ்ட்ரி படித்தவள். கல்யாணம் முடிந்து பெண்ணை அழைத்து வந்த சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. வேனை விட்டு இறங்கினால் எதிரே இரண்டு வாசல்கள், ஒட்டிப் பிறந்த மாதிரி, நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. நாலாம் வீட்டில் ஆரத்தித் தட்டில் கற்பூரம் அணைந்து, மாமியார் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார். மூன்றாம் வீட்டு வாசலில் மனோரமா, பெண்ணைப் பார்க்கிற ஆசையில், அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு இருக்கிற பக்கம்தான் வாசல் என்று தாட்சாயணி வலது காலை எடுத்து வைத்து நேராக மூன்றாம் வீட்டுக்குள் போய்விட்டாள். உள்ளே மனோரமாவின் புருஷன் மாசிலாமணி பனியனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்திருக்கவில்லை. "வாம்மா. வந்தது வந்துட்ட, ஒரு வாய் துன்னுட்டுப் போ" என்றார்.

வாசலில் ஒரே சிரிப்பு. சிரிக்காதவள் கோவர்த்தனனின் அக்கா காஞ்சனா ஒருத்திதான். நாராயணவனத்தில் வாழ்க்கைப்பட்டவள், கல்யாண வெங்கடேசர் கோவில் ஊரில் இருப்பதாலேயே சகுனம், முகூர்த்தம் எல்லாவற்றுக்கும் தான் பொறுப்பு என்று நினைப்பவள். "மொத அடியே அடுத்த வூட்டுல" என்று மட்டும் சொன்னாள். அந்த வார்த்தையை அவள் மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை.

தாட்சாயணி வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அன்றைக்கு அவள் புருஷனிடம் கேட்ட முதல் கேள்வி இது: "ஏங்க, வாசல் ரெண்டையும் ஒட்ட வெச்சிட்டு, ஜன்னல மட்டும் எதுக்கு அவ்ளோ தூரம் தள்ளி வெச்சிருக்காங்க?"

கோவர்த்தனன் யோசித்தார். ஜன்னல்கள் தள்ளி இருக்கின்றன என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மறுவாரம் அவள் எதிர்ச்சாரி டீக்கடைப் பக்கம் நின்று வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். திரும்பி வந்து இரண்டு கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்து, கட்டைவிரல்களை ஒட்டிக் காட்டினாள். "இது எட்டு வூடு இல்ல. நாலு ஜோடி. இது நம்ப வூடு, இது மாசிலாமணி அண்ணா வூடு. கட்டைவெரலு ரெண்டும் வாசல். ஒரே படத்த வரைஞ்சு கண்ணாடியில காட்டிக் கட்டிட்டாங்க. அவங்களுக்கு எடது பக்கம் கீறது நம்பளுக்கு வலது பக்கம்."

பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் நூறு வருஷமாக எட்டுக் குடும்பங்கள் பக்கத்து வீட்டுக்குப் போகும்போதெல்லாம், ஏன் தலை லேசாகச் சுற்றுகிறது, ஏன் பாத்ரூமுக்குப் போகிறவன் மாடிப்படியில் முட்டிக்கொள்கிறான் என்று தெரியாமலே இருந்திருக்கின்றன.

அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. அவள் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் லேபில். சீசனில் லாரி லாரியாகத் தோதாபுரி மாங்காய் வந்து இறங்கும். அவள் ஒரு சொட்டுக் கூழைக் கருவியின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இனிப்பு எவ்வளவு என்று பார்ப்பாள். கருவி சொன்னதை நாக்கில் வைத்தும் பார்ப்பாள். கேட்டால், "மிஷினு சொல்றது சரிதான். நானும் ஒரு தபா கேட்டுக்கறேன்" என்பாள். வீட்டிலும் அதே குணம். நாலு பேர் சொன்னார்கள் என்று ஒன்றை ஏற்றுக்கொள்ள மாட்டாள். மறுக்கவும் மாட்டாள். போய்த் தொட்டுப் பார்ப்பாள்.

வாசல் வளைவின் உச்சியில் ஒவ்வொரு வீட்டுக்கும் சுட்ட மண்ணில் ஒரு பெண் முகம் பதித்திருந்தார்கள். வரிசையிலிருந்த பெண்கள் அதை லட்சுமி என்று வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து வந்தார்கள். மாசிலாமணி வீட்டில் மட்டும் அந்த முகத்துக்கு வெள்ளையடித்து, மேலே ஒரு சிலுவை வைத்திருந்தார்கள். தாட்சாயணி ஸ்டூல் போட்டு ஏறி, சீயக்காய்த் தண்ணீரால் தேய்த்துக் கழுவினாள். மஞ்சளுக்கு அடியில் திராட்சைக் கொத்துச் செருகிய சுருட்டை முடியும், கொஞ்சம் தூக்கக் கலக்கமான கண்களும், உடைந்த மூக்குமாக ஒரு வெள்ளைக்காரி வந்தாள். மாமியார் பதறிப்போனார்.

"இது லட்சுமி இல்ல அத்த. யாரோ ஒரு பொம்பள."

"ஐயோ, அப்போ இத்தினி வருஷமா யாருக்குடி பொட்டு வெச்சேன்?"

"தெரியல. ஆனா வாசல்ல நிக்கறவளுக்குப் பொட்டு வெச்சா தப்பா?" என்று சொல்லி, அந்த வாரமும் அவளே வைத்தாள். பிறகு எந்த வெள்ளியும் விட்டதில்லை.

முன்னறை ஜன்னல் வயிறு தள்ளிக்கொண்டு தெருப்பக்கம் நீட்டியிருக்கும். அதன் கதவுகள் பக்கவாட்டில் திறக்காது. ஆணி அடித்து மூடியது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவள் பக்கச் சட்டத்தின் பலகையைக் கழற்றினாள். உள்ளே புடலங்காய் போல நீளமாக ஓர் இரும்புக் குண்டு, கதவின் எடைக்கு ஈடுகட்ட வைத்தது, அறுந்த கயிற்றோடு கிடந்தது. புதுக் கயிறு கட்டி, சப்பரத்தேர் இழுக்கிற மாதிரி புருஷனை ஒரு பக்கம் இழுக்கச் சொன்னாள். கண்ணாடிக் கதவு முனகிக்கொண்டே மேலே ஏறியது. ஏறிய இடத்தில் நின்றது. அன்று தெரு முழுக்க வந்து அதை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இறக்கத் தெரியாமல் ஒருவர் விரலை நசுக்கிக்கொண்டார்.

சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஓடும் மரச்சட்டம் எதற்கு என்று ரொம்ப நாள் யோசித்தாள். படம் மாட்டுகிற கொக்கி வைக்க என்று முடிவுக்கு வந்தாள். "வாடகைக்கு வர்றவன் செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு வெச்சிருப்பான். வூட்டுக்காரனுங்க எந்த ஊருலயும் ஒரே மாதிரிதான்." தெருவைப் பார்த்த பக்கம் சிவப்புக் கல், வெள்ளைப் பட்டை, பூவேலை. பின்பக்கம் போனால் காரைகூட இல்லாத கரடுமுரடு. "மூஞ்சிக்குப் பவுடர் போட்டுக்கினு முதுகு தேய்க்காம பூட்டான்" என்றாள். முன்னறையில் குளிர்காய ஒரு கணப்பு இருந்தது. சித்தூர் வெயிலில் குளிர்காய யாருக்கு நேரம்? மாமியார் அதற்குள் வெங்கடேசப் பெருமாள் படத்தை வைத்துப் பூஜை மாடமாக்கியிருந்தார். அதைப் பற்றித் தாட்சாயணி சொன்னது: "வரைஞ்சவன் அவன் ஊருத் தெருவ நெனச்சுக்கினே வரைஞ்சிட்டான். நம்ப வெயில அவன் கேக்கவே இல்ல."

இத்தனையும் விளையாட்டாகவே போயிருக்கும். சமையலறையில்தான் அது வினையானது.

வரிசை மேற்கே பார்த்தது. சமையலறைகள் பின்னால், கிழக்குப் பக்கம் வால் மாதிரி நீண்டிருந்தன. வாசல்கள் ஜோடியாக இருப்பது போலவே சமையலறைகளும் ஜோடி. மூன்றாம் வீட்டுச் சமையலறைக்கும் நாலாம் வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர், இரண்டுக்கும் ஒரே புகைக்கூண்டு. மூன்றாம் வீடு அந்தச் சுவருக்கு வடக்கே இருந்தது. அதனால் அவர்கள் அடுப்பு வீட்டின் தென்கிழக்கில், அக்கினி மூலையில் அமைந்தது. வாஸ்து பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிற இடம். நாலாம் வீடு சுவருக்குத் தெற்கே. அவர்கள் அடுப்பு வடகிழக்கில், தண்ணீர் இருக்க வேண்டிய ஈசானிய மூலையில் எரிந்தது. அதைவிடக் கெட்ட இடம் அடுப்புக்குக் கிடையாது என்பார்கள். ஆந்திராவில் ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் நடந்தாலும் நடக்கும், வாஸ்து பார்க்காமல் ஒரு கக்கூஸ் கட்ட முடியாது.

மாசிலாமணிக்கு இதில் ஏக குஷி. "நாங்க வாஸ்துவே பாக்கறதில்ல. ஆண்டவரே பாத்துக் குடுத்துட்டாரு" என்று கேலி பேசுவார்.

தாட்சாயணிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஈசானியம் என்றாள் காஞ்சனா. மாமியார் படுக்கையில் விழுந்தார். ஈசானியம். கோவர்த்தனனுக்குப் பிரமோஷன் தள்ளிப்போனதற்குக்கூட அதுதான் காரணமாயிற்று. தாட்சாயணி கோபப்படவில்லை. புகைக்கூண்டு உள்ளே எப்படிப் போகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரு போகிப் பண்டிகையன்று கேஸ் அடுப்பை நகர்த்திவிட்டு, பழைய அடுப்பு மேடையில் காய்ந்த வேப்பிலையைக் கொளுத்திவிட்டுச் சுவரோரம் காதை வைத்தாள்.

"அண்ணா, அங்க பொகை வருதா?"

"பொகை வருது, இருமல் வருது, மனோரமா திட்டும் வருது" என்றது சுவர்.

உள்ளே எங்கோ இரண்டு புகைவழிகளுக்கும் நடுவே கல் விழுந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. மனோரமாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனவள், சாயங்காலம் வரை அந்தப் பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினாள்.

போன வருஷம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சின்ன வயசில் வந்த காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கி வைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து கோவர்த்தனனுக்குச் சமையலறைக்குள் போனாலே கண் அந்த மூலைக்கு ஓடியது. படித்தவர்தான். ஆபீசில் வாஸ்து பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவர்தான். ஆனால் மனைவி இரண்டு படி ஏறி நின்று சுவரைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை. காஞ்சனா வாஸ்து பார்க்கிற ஒரு சித்தாந்தியை அழைத்து வந்தாள். அவர் திசைகாட்டியைத் தரையில் வைத்தார், புகைக்கூண்டின் புடைப்பை அண்ணாந்து பார்த்தார்.

"ஈசான்யம்லோ பருவு உண்டகூடதண்டி" என்றார். அந்த மூலையில் பாரம் இருக்கக் கூடாதாம். அடுப்பை மாற்றினால் போதாது, புகைக்கூண்டின் செங்கல் முழுவதையும் தரைமட்டம்வரை எடுத்துவிட வேண்டும்.

தாட்சாயணி அவருக்கு மோர் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "சாமி, இந்தச் செவுரு எங்களுக்கு ஈசானியம். அந்தாண்ட அவங்களுக்கு அக்கினி. செவுத்துக்கு நட்டநடுவுல நின்னா அது இன்னா மூல?"

சித்தாந்தி மோரைக் குடித்து முடித்தார். "அம்மா, செவுத்துக்கு நடுவுல யாரும் குடியிருக்கறதில்ல" என்றார்.

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வரச் சொல்லிப் புருஷனையும் அனுப்பினாள்.

ஆபரேஷனுக்காகத் திருப்பதியில் சேர்த்த பிறகு காஞ்சனா விடவில்லை. இடிப்பதற்குச் சித்தாந்தி குறித்துக் கொடுத்த முகூர்த்தம் ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முந்தி, பிரம்ம முகூர்த்தத்தில். அதை விட்டால் மார்கழி தாண்டித்தான். கோவர்த்தனன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார்.

"ஒடைச்சிட்டா உங்க மனசு அடங்குமா?" என்றாள் அவள்.

"அடங்கும்."

"அப்போ போங்க. ஆனா கடப்பாரைய வெக்கறதுக்கு மின்ன மூலையில காரைய மட்டும் சொரண்டிப் பாக்கணும். புடைப்பும் செவுரும் சேர்ற எடத்துல மேலேந்து கீழ வரைக்கும் நேர்கோடா பிரிஞ்சிருந்தா, அது தனியா நிக்குது. எடுத்துடலாம். வெரலு கோத்த மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய்க்கினு இருந்தா எடுக்கக் கூடாது. எடுத்தா அண்ணன் வூட்டுச் செவுரும் கூடவே வந்துடும். நம்ப நல்லதுக்கு அவங்க செவுத்த எடுக்கறதா?"

"கோத்துக்கினு இருந்தா?"

"எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. யோசிப்போம்." பிறகு, அவர் கிளம்பும்போது, முகம் மலர்ந்து, "எனக்கும் தெரியணுங்க. கல்யாணம் ஆன நாளா அந்தக் காரைக்குப் பின்னால இன்னா கீதுன்னு தெரியாமலே சமைச்சுக்கினு கீறேன்" என்றாள்.

அப்படித்தான் அவர் அன்று அங்கே நின்றார். ஆபரேஷன் வரை அவள் இதயம் பொறுக்கவில்லை.

மத்தியானம் அவளைக் கொண்டுவந்தார்கள். வாசல் குறுகல், வெள்ளைக்காரன் அகலத்தைத் தெருவுக்குக் காட்டினானே தவிர உள்ளே வைக்கவில்லை. தூக்கி வந்தவர்கள் இடைவழியில் திரும்ப முடியாமல் தடுமாறியபோது, ஜன்னல் கதவைக் கயிற்றால் மேலே ஏற்றி, அந்த வழியாக உள்ளே வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர் மாசிலாமணி. அப்படியே வாங்கினார்கள்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. நகரி, புத்தூர், வடமாலபேட்டை என்று வந்த ஜனத்துக்கெல்லாம் மாசிலாமணி வீட்டில்தான் சமையல். அவர் மனைவி மனோரமா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. தனியாள், ஒற்றை கேஸ் அடுப்பில் இத்தனை பேருக்கு எப்படிப் பொங்குவது? பழைய அடுப்பு மேடையில் விறகை வைத்துப் பெரிய குண்டானை ஏற்றினார். வெளியே தூறல் பிடித்திருந்தது.

காரியம் எல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, கோவர்த்தனன் சமையலறைக்குள் போனார். காரை சுரண்டிய மூலை அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரிந்தது: ஒரு வரிசையில் புடைப்பின் கல் சுவருக்குள் புகுந்திருந்தது, அடுத்த வரிசையில் சுவரின் கல் புடைப்புக்குள். மேலேயிருந்து கீழே வரை மாறி மாறி. அவர் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

சுவர் சூடாக இருந்தது. இந்தப் பக்கம் அடுப்பு அணைந்து எத்தனையோ நாள் ஆகிறது. கல் மட்டும் வெயிலில் கிடந்த மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. அந்தப் பக்கத்து நெருப்பு கல்லுக்குக் கல் தாவி இங்கே வந்திருந்தது. நேர்கோடாகப் பிரிந்திருந்தால் இந்த அளவுக்கு வராது, இடையில் காற்று நிற்கும் என்று அவருக்குத் தோன்றியது. இது தாட்சாயணி யோசிக்கிற மாதிரி இருக்கிறதே என்றும் தோன்றியது. ஈசானியம் எங்கே முடிந்து அக்கினி எங்கே தொடங்குகிறது என்று கையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

பின்னால் காஞ்சனா வந்து நின்றாள். அழுது கண் வீங்கியிருந்தது. "தம்பி, ஒடைக்க ஆரம்பிச்சத நிறுத்தாத. பதினாறுக்குள்ள எடுத்துடு. அவள துன்ன மூலைடா. நீ ஒண்டியா இதுல இருக்கப் போற."

"கோத்துக்கினு கீதுக்கா."

"இன்னா கோத்துக்கினு?"

அவர் காட்டினார். விளக்க முயன்றார். அவள் கல்லைப் பார்க்கவில்லை, தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் சாம்பார் வாளியோடு பின்கதவு வழியாக வந்த மாசிலாமணி இதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஒடைக்கணும்னா ஒடைச்சிடு கோவர்த்தனா. என் செவுரு வுழுந்தா நான் தகரம் வெச்சுக்கறேன். அதுக்காக நீ யோசிக்காத" என்றார். வாளியை இறக்கி வைத்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன், காஞ்சனாம்மா. எங்க வூட்டு அடுப்பு அக்கினி மூலையில சொல்லிவெச்ச மாதிரி கீது. மனோரமா அம்பத்தெட்டு வயசுல பூட்டா. அதுக்கு எந்த மூலைய ஒடைக்கறது, நீயே சொல்லு."

"அண்ணே, நான் உங்கள ஒண்ணும் சொல்லலியே" என்றாள் காஞ்சனா.

"நீ சொல்லலம்மா. நான்தான் கேக்கறேன்."

கோவர்த்தனன் அக்காவின் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "இன்னாடா, சுடுது?"

"அண்ணன் வூட்டு அடுப்புக்கா."

"சூடு வந்தா? அதுக்காக வாஸ்து மாறிடுமா?" என்றாள் காஞ்சனா. குரலில் பழைய வேகம் இல்லை. "நான் சொல்றத சொல்லிட்டேன். அப்புறம் அக்கா சொல்லலன்னு சொல்லாத."

சொன்னாளே தவிர அங்கிருந்து போகவில்லை. தூறல் வலுத்து, பின்கதவு வழியாகக் குளிர்காற்று வந்தது. காலையிலிருந்து நின்ற கால். சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சாய இடம் தேடி, வேறு இடம் இல்லாமல், அந்தச் சுவரிலேயே முதுகைச் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அப்படியே தூங்கியும் போனாள். மாசிலாமணி சத்தம் போடாமல் அந்தப் பக்கம் போய் அடுப்பில் இன்னும் இரண்டு விறகு வைத்தார்.

மறுநாள் காலை மோகன்ராஜ் வந்து வாசலிலேயே தயங்கி நின்றான். "சார், ஒடைக்கறதா, மூடறதா?"

"மூடு" என்றார் கோவர்த்தனன். "சிமெண்டு வேணாம். பழைய மாதிரி சுண்ணாம்பு வெச்சுப் பூசு. சிமெண்டு பூசினா கல்லு மூச்சு வுடாதும்பா அவ."

"அம்மா எங்கிட்டயும் சொல்லியிருக்காங்க சார்" என்றான் மோகன்ராஜ்.

காஞ்சனா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஊருக்குப் பஸ் ஏறும்போது, "கேஸ் அடுப்பையாவது அந்த மூலையிலேந்து நாலு அடி தள்ளி வையேன்டா, எனக்காக" என்றாள். அவர் தள்ளி வைத்தார்.

இப்போது அந்த வீட்டில் கோவர்த்தனன் தனியாகச் சமைத்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மாசிலாமணி வீட்டில் உலை. சுவர் பூசியாகிவிட்டது. ஆனால் ஐப்பசி மழை வலுத்ததும் புகைக்கூண்டின் உச்சியிலிருந்து தண்ணீர் உள்ளே இறங்கி, அந்த ஈசானிய மூலையின் புதுப்பூச்சில் கறை கட்ட ஆரம்பித்தது. மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தார்கள். ஒரே கூண்டுக்கு மேலே இரண்டு வாய், வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தன. வைத்திருந்த மூடி எந்தக் காலத்திலோ விழுந்திருக்க வேண்டும். நாலு மூலைக்கும் செங்கல் நிறுத்தி, மேலே ஒரு கடப்பாக்கல் வைத்துவிட்டால் புகையும் போகும், மழையும் இறங்காது என்றான் மோகன்ராஜ். இரண்டு கல் வாங்கி வந்தார்கள். மூன்றாம் வீட்டு வாய்க்குக் கல் ஏற்றியாகிவிட்டது. அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டதால் நாலாம் வீட்டுக் கல் இன்னும் ஏறவில்லை. பின்முற்றத்தில் குழாயடிப் பக்கம் சாய்ந்து நிற்கிறது.